வாலிபர் மன்றத்துச் சந்தா பாக்கி

சத்தியமா சொல்றேங்க, இதோ எதிர்ல நிக்கிற மலை மேல ஆணையா சொல்றேன், என் வாயில இருந்து வர்ற ஒவ்வொரு வார்த்தையும் நெஜம். பொய்யா இருந்தா இந்த டீ என் தொண்டையில எறங்கக் கூடாது. பாருங்க, எறங்கிட்டுது. அப்பால இன்னா சந்தேகம் உங்களுக்கு?

நீங்க யாரு, இன்னாத்துக்கு வந்தீங்கன்னு எனக்கு அப்பவே வெளங்கிப்போச்சு. கீழ்பென்னாத்தூர் ஆதிமூலம்னு பேரச் சொன்னீங்க. இரும்புக் கடையில கணக்கு எழுதற வேணுன்னு ஒரு பையன், எப்படி ஆளுன்னு மெதுவா இழுத்தீங்க. வெளியூர்க்காரரு டீக்கடை பெஞ்சில உக்காந்து ஒரு பையனப் பத்தி விசாரிச்சா, ஒண்ணு அவரு போலீசு, இல்ல பொண்ணப் பெத்தவரு. போலீசு டீக்குக் காசு குடுத்து நான் பாத்ததில்ல. நீங்க எனக்கும் சேத்துக் குடுத்துட்டீங்க.

ஒரே பொண்ணு, கஸ்தூரி. மல்லாட்டக் கடல போடற நெலம் நாலு ஏக்கர், மோட்டார் வச்ச கெணறு, ஆம்பளப் புள்ள கெடையாது. அதனால கல்யாணத்த முடிச்சி மாப்பிள்ளைய உங்க ஊருக்கே கூட்டிக்கினு போயி வீட்டோட வச்சிக்கிறதா உத்தேசம். அப்படித்தானே சொன்னீங்க? அதக் கேட்ட பெறகுதாங்க எனக்கு மனசு ஆறல. இல்லன்னா எவன் வீட்டுக் கல்யாணத்துலயும் நான் தலையிடற ஆளு இல்ல. அவ்ளோ நல்ல கெணறு வெட்டி வச்சிக்கினு, பொண்ணக் கொண்டாந்து பாழுங் கெணத்துல தள்ளணுமா?

சம்பளமா? அதுல கொறை சொல்லக் கூடாது. ஹபீப் முகம்மது பாயோட இரும்புக் கடை, ஒண்ணாந்தேதி சாயங்காலம் கையில வந்துடும். குடியா? டீயே அரை கிளாசுதான் குடிப்பான். பொம்பள விஷயமா? சேச்சே. அவனுக்கு இருக்கறது ஒரே ஒரு கெட்ட பழக்கம். சந்தா வசூல் பண்ணுவான்.

சிரிக்காதீங்க. குடிகாரனாவது காலையில தெளிஞ்சிடுவான்.

அதோ, தேர் நிக்கிற எடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தகர போர்டு தொங்குது பாருங்க. அருணை வாலிபர் தொண்டு மன்றம். அதுக்கு வேணுதான் செயலாளர். செயலாளர்னதும் பெரிய பதவின்னு நெனச்சிடாதீங்க. ரூமப் பெருக்கறது அவன், பூட்டறது அவன், கூட்டம்னா பெஞ்சி தூக்கிப் போடறதும் அவன். யாருக்கும் சல்லிக்காசு சம்பளம் கெடையாது. கார்த்திகை தீபத்துக்கு வர்ற ஜனத்துக்குத் தண்ணி குடுக்கறது, காணாமப் போன கொழந்தைங்கள மைக்குல கூவி ஒப்படைக்கறது, கூட்டத்துல கயிறு புடிக்கறது, இதான் வேல. அந்தச் செலவுக்குன்னு வருஷத்துக்குப் பன்னெண்டு ரூபா சந்தா.

சந்தா கட்டினவங்களுக்கு ஒரு பேட்ஜு. மஞ்சள் ரிப்பன்ல பூ மாதிரி மடிச்சி, நடுவுல மலை படம் ஒட்டியிருக்கும். அத நெஞ்சில குத்திக்கினா தீபத்தன்னிக்கு நீங்க கயித்துக்கு உள்பக்கம். குத்தலன்னா, நீங்க எம்மாம் பெரிய மனுஷனா இருந்தாலும் வெளிப்பக்கம், முன்னாடி நிக்கறவன் முதுகுதான் உங்களுக்கு தரிசனம்.

வெவகாரம் அங்கதாங்க ஆரம்பிச்சது. அந்த ரிப்பன் பூவுக்காக இந்த ஊர்ல யாரு யாரெல்லாம் வாலிபர் ஆனாங்கன்னு நெனைக்கிறீங்க? ஜவுளிக்கடை கண்ணாயிரம், அறுபதாங் கல்யாணம் முடிஞ்சவரு, வாலிபர் ஆனாரு. பல்செட்டு மாட்டற அரிசி மில்லுக்காரரு வாலிபர் ஆனாரு. எங்க தெருவுல ஒருத்தரு பேரன் கையப் புடிச்சிக்கினு வந்து ரெண்டு பேரையும் சேத்துக்கச் சொன்னாரு. தாத்தாவச் சேத்துக்கினாங்க. பேரனுக்குப் பதினஞ்சு வயசு ஆவல, முடியாதுன்னுட்டாங்க.

விதின்னு ஒண்ணு இல்லியான்னு கேக்கறீங்க. இருந்தது. பதினஞ்சுல இருந்து முப்பத்தஞ்சு வரைக்கும்னு அச்சடிச்சே வச்சிருந்தாங்க. வக்கீல் குமாஸ்தா சக்கரபாணின்னு ஒருத்தரு, சட்டமெல்லாம் அவரு நாக்கு நுனியில. பொதுக்குழுவுல எழுந்து, வாலிபம்ங்கறது உடம்புல இருக்குதா, மனசுல இருக்குதான்னு கேட்டாரு. மனசுலதான்னு ஏகமனதா தீர்மானம். கையத் தூக்கச் சொன்னப்போ நாலஞ்சு பேருக்குத் தோள்பட்ட புடிச்சிக்கிச்சி. பக்கத்துல இருந்தவங்க தூக்கிவிட்டாங்க.

நானா? ஆமா, நானும் ஒரு வாலிபன்தான். என் கதைய விடுங்க.

கார்த்திகை பொறந்தா வேணு வீட்டு வாசல்ல கூட்டம் அம்மும். எல்லாரும் இவனுக்கு அண்ணன், மாமா. பூவ முதல்ல குடுப்பா, சந்தா எங்க ஓடிப்போவுது, பொங்கலுக்கு வாங்கிக்கன்னு சொல்லுவாங்க. இவனும் குடுத்துடுவான். இதான் இவன் சமத்து. தீபம் முடிஞ்ச மறுநாள் இவன் சைக்கிள எடுப்பான், அடுத்த தீபம் வரைக்கும் எறங்கமாட்டான். பொங்கலுக்குப் போனா சித்திரைக்கு வாம்பாங்க. சித்திரைக்குப் போனா வெயிலு, ஆடிக்கு வாம்பாங்க. ஆடியில யாருப்பா காசு குடுப்பாங்க?

இவன் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டா போதும், தேரடித் தெருவுல கடகடன்னு கதவு சாத்தும். ஒரு நாள், அண்ணாமலையாரு சாட்சியா சொல்றேன், பட்டப்பகல்ல மொத்தத் தெருவும் மூடிக்கிச்சி. வேலூர் பஸ்காரன் வந்து பாத்துட்டு, இன்னிக்குக் கடையடைப்பு, பந்த் போல இருக்குதுன்னு வண்டியத் திருப்பிக்கினு போயிட்டான். அவனப் பாத்து போளூர் பஸ்ஸும் திரும்பிடிச்சி. சாயங்காலம் எந்தக் கட்சி பந்த்னு விசாரிச்சா, ரெண்டு கட்சிக்காரங்களும் எங்களுதுதான், முழு வெற்றின்னு நோட்டீசு அடிச்சிட்டாங்க. இவன் ஒருத்தன் சைக்கிள்ல ஒரு ரவுண்டு வந்ததுக்கு.

இப்படிப்பட்டவன உங்க ஊருக்குக் கூட்டிக்கினு போனீங்கன்னா உங்க சந்தைய எவன் தொறப்பான்?

இன்னும் கேளுங்க. கண்ணாயிரம்னு சொன்னேனே, ஜவுளிக்கடை, அவரு மூணு வருஷமா சந்தா தரல. பணம் இல்லாம இல்ல. ஒருத்தன் வந்து கேக்கும்போது குடுத்தா மரியாதை கொறஞ்சிடும்னு ஒரு எண்ணம். இவன் போம்போதெல்லாம் பொண்டாட்டி ஜோதியம்மாள அனுப்பி, அவரு காஞ்சிபுரம் போயிருக்காரு, ஆரணி போயிருக்காருன்னு சொல்லச் சொல்லுவாரு. அந்தம்மாவுக்குத் தெரிஞ்ச ஊரெல்லாம் தீந்துபோச்சு. இனிமே எந்த ஊரச் சொல்றதுன்னு கேட்டிருக்குது. செத்துட்டேன்னு சொல்லித் தொலைன்னு இவரு உள்ள இருந்து கத்தியிருக்காரு. அந்தம்மா சொன்னத செய்யற பொம்பள. வெங்காயம் அரிஞ்சிக்கினு இருந்த கையோட வாசலுக்கு வந்து, அவரு செத்துட்டாருப்பான்னு சொல்லிட்டு முந்தானையில கண்ணத் தொடச்சிக்கிச்சி.

வேணு இன்னா பண்ணினான்றீங்க? தலையில கைய வச்சிக்கினு போனான். மறுநாள் மன்றத்துல இரங்கல் கூட்டம். படம், மாலை, ஊதுபத்தி, மைக்கு. கூட்டம் முடிஞ்சதும் போண்டா காப்பின்னு தட்டி எழுதி வச்சான். போண்டா காப்பின்னதும் கண்ணாயிரமும் வந்துட்டாரு. யாரு செத்ததுன்னு கேக்காம கடைசி வரிசையில உக்காந்துக்கினாரு.

சக்கரபாணி பேசறாரு. அள்ளி அள்ளிக் குடுத்த கைங்க அது, கேக்கறதுக்கு முன்னாடி நீட்டற மனசுங்க அதுன்னு பேசறாரு. கடைசி வரிசையில கண்ணாயிரம் அழறாரு. இப்பேர்ப்பட்ட மனுஷன இந்த ஊர்ல நாம பாக்கவே இல்லியேன்னு அழறாரு. பக்கத்துல இருந்தவரத் தட்டி, யாருங்க அதுன்னு கேட்டாரு. பக்கத்து ஆளு திரும்பிப் பாத்துட்டு, நீங்கதான்னாரு.

அப்பால எழுந்தாரு, மைக்குக்கிட்ட போனாரு, அவ்ளோ தரும சிந்தனையுள்ள மனுஷன் பாக்கி வச்சிட்டுப் போனாருன்னு ஒரு பேச்சு வரக் கூடாதுன்னு சொல்லி, மூணு வருஷச் சந்தாவையும் எண்ணி வச்சாரு. வேணு ரசீது கிழிச்சிக் குடுத்தான். மாலைய வீணாக்க வேணாம்னு படத்துல இருந்து எடுத்து அவரு கழுத்துலயே போட்டான். ஜனம் கைதட்டிச்சி.

உயிரோட இருக்கறவருக்குக் கருமாதி பண்ணி காசு வாங்கினவனுங்க இவன். நாளைக்கு மாமனாரு நீங்க ரெண்டு நாள் தும்மினா போதும், படத்துக்கு பிரேம் போட்டுடுவான்.

இன்னா? தெரிஞ்சே செஞ்சிருப்பான்றீங்களா? அப்படி யோசிச்சா அவன் புத்திசாலின்னு ஆயிடுமே. வேணாங்க, மடையன்னே வச்சிக்கலாம்.

சரி, அத விடுங்க. போன தீபத்துக்கு நடந்தது இதவிடப் பெரிய கூத்து. தண்ணி குடுக்கறதுன்னு சொன்னேனே, அத நெஜமா தூக்கறது யாரு? அடி அண்ணாமலை கிராமத்துப் பசங்க. அறுப்புக்குப் போற பசங்க, செங்கல் சொமக்கற பசங்க, இருவது இருவத்திரெண்டு வயசு. ஊரிலேயே வாலிபமா இருக்கறது அவனுங்கதான். அவனுங்களுக்குப் பன்னெண்டு ரூபா ஏது? சந்தா கட்டல, பூ இல்ல. அதுவரைக்கும் வருஷா வருஷம் தண்ணி டிரம்மு கயித்துக்கு உள்ள, தூக்கறவன் கயித்துக்கு வெளிய. உள்ள நின்னவங்க அம்பது பேரும் பூ குத்திக்கினு, ஒருத்தர் தொப்பைய ஒருத்தர் இடிச்சிக்கினு நிக்கறாங்க. எவனுக்கும் சொம்புல மொண்டு ஒரு கெழவி கையில ஊத்தத் தெரியல.

இது நல்லா இல்லன்னு வேணு பொதுக்குழுவுல எழுந்தான். சக்கரபாணி அதுக்கு முன்னாடியே ஒரு தீர்மானம் வச்சிருந்தாரு, சந்தாவ இருவத்தஞ்சா ஏத்தினா தரமான வாலிபருங்க வருவாங்கன்னு. வேணு அத எதுக்கல. ஏத்துங்கன்னுட்டான். ஒரே ஒரு வரி மட்டும் சேத்துக்கச் சொன்னான். ரொக்கமா கட்ட முடியாதவங்க தீபத்தன்னிக்கு இருவத்தஞ்சு கொடம் தண்ணி தூக்கினா சந்தா கட்டினதா எடுத்துக்கலாம். ஏழப் பசங்களுக்குத்தானேன்னு எல்லாரும் கையத் தூக்கிட்டாங்க.

வீட்டுக்குப் போயி யோசிச்சாங்க. தண்ணி சும்மாதான் வருது. இடுப்பும் நம்ம இடுப்புதான். எதுக்கு இருவத்தஞ்சு ரூபா தண்டம் அழணும்?

தீபத்தன்னிக்கு விடியறதுக்குள்ள கொழாயடியில பாக்கணுமே நீங்க. ஜரிக வேட்டிய மடிச்சிக் கட்டிக்கினு ஊர்ப் பெரிய மனுஷன் அத்தன பேரும் நிக்கிறாங்க, ஆளுக்கு ஒரு கொடம். பசங்க முப்பது பேரு, வாலிபருங்க அம்பது பேரு. மில்லுக்காரரு வேலக்காரன அனுப்பிப் பாத்தாரு. சொந்த இடுப்பாத்தான் இருக்கணும்னு வேணு திருப்பி அனுப்பிட்டான். கண்ணாயிரம் பஞ்சபாத்திரம் மாதிரி ஒரு செப்புக் கொடம் எடுத்துக்கினு வந்தாரு. கொடம் எம்மாம் பெருசுன்னு தீர்மானத்துல இல்லியாம். இதுக்கு சக்கரபாணிகிட்ட அஞ்சு ரூபா குடுத்து யோசனை கேட்டிருக்காரு.

டிரம்மு ரொம்பி வழியுது. இவங்க நிறுத்தமாட்டேங்கறாங்க. கொடம் காலியானாத்தானே அடுத்த கொடம் சேரும்? வர்றவன் போறவன் வாயிலயெல்லாம் ஊத்தினாங்க. தாகம் இல்லன்னு சொன்னவனத் தொரத்திக்கினு போயி ஊத்தினாங்க. செங்கத்துல இருந்து வந்த ஒரு சம்சாரி, குடிச்சி குடிச்சி நடக்க முடியாம கோபுரத்துக்கு எதிர்ல உக்காந்துட்டான். அவன்கிட்டயும் ஆறு பேரு கொடத்தோட நின்னாங்க. தெருவெல்லாம் சேறு. அந்த வருஷம் மலைமேல தீபத்தப் பாத்த ஜனத்தவிட எங்க வாலிபருங்கள பாத்த ஜனம் ஜாஸ்தி.

மறுநாள் ஊர்ல ஒருத்தரும் எழுந்திருக்கல. மருந்துக்கடையில இடுப்புவலித் தைலம் தீந்துபோயி விழுப்புரத்துல இருந்து வரவழைச்சாங்க. வேணு வீடு வீடா போயி தைலத்தத் தேச்சிவிட்டு, முதுக நீவிக்கினே சந்தா ரசீதக் குடுத்துட்டு வந்தான். அன்னிக்கு மட்டும் எவனும் கதவ சாத்தல. எழுந்து சாத்த முடியல.

அடி அண்ணாமலை பசங்களா? அத்தன பேரும் பூ குத்திக்கினு கயித்துக்கு உள்ள நின்னு பாத்தாங்க. அதுல ஒருத்தன் அழுதான்னு சொன்னாங்க, எனக்குத் தெரியாது, நான் அந்தப் பக்கம் பாக்கல.

கேளுங்க, கேளுங்க, முக்கியமான கேள்வி. எல்லாரும் தண்ணியாவே கட்டிட்டா ரொக்கத்துக்கு எங்க போறது? மைக்குக்காரன் தண்ணி வாங்கிக்குவானா? வேணு, தன் முதலாளி பாய்கிட்ட சம்பளத்துல முன்பணம் வாங்கிக் கட்டினான். பாய் குடுத்துட்டு, அப்படியே எனக்கும் ஒரு சந்தா எழுதிக்கப்பான்னு தனியா இருவத்தஞ்சு ரூபா நீட்டினாரு. ஊர்லயே அந்த வருஷம் ரொக்கமா கட்டின ஒரே வாலிபரு ஹபீப் முகம்மது பாய்தான். இன்னும் கூட வேணு சம்பளத்துல புடிச்சிக்கினு இருக்காங்க. இப்ப சொல்லுங்க, சொந்தச் சம்பளத்த ஊருக்குத் தண்ணியா ஊத்தறவன் கையில நாலு ஏக்கரக் குடுப்பீங்களா?

இன்னாங்க இது, நான் பேசப் பேச உங்க மொகம் மலந்துக்கினே போவுது. நான் அவனக் கொறைதானே சொல்லிக்கினு இருக்கேன்? வெத்தலப் பையக் கட்டறீங்க, எழுந்திருக்கறீங்க. பாய் கடைக்கா? போலாம், இருங்க. கீழ்பென்னாத்தூர் வண்டிக்கு இன்னும் நேரம் இருக்குது. இன்னொரு டீ சொல்றேன். இந்தத் தடவ நான் காசு குடுக்கறேன். கடைக்காரரு எப்படிப் பாக்கறாரு பாருங்க. அவருக்கு அதிர்ச்சி.

எனக்கு எப்படி இவ்ளோ தெரியும்னா கேக்கறீங்க? தெரியாம இன்னா. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம என் வீட்டுக்கு வரான். சந்தாவுக்குத்தான், வேற எதுக்கு. எனக்கும் பழைய பாக்கி இருக்குதே.

குடுத்தா தீந்துடும்தான். குடுக்கலாம். முப்பது வருஷம் நகராட்சியில வீட்டு வரி வசூல் பண்ணினவன் நான். எப்படி எல்லாம் இழுக்கலாம்னு இந்த ஊரே எனக்குச் சொல்லிக் குடுத்திருக்குது. ஒரு வாரம் எட்டணா குடுப்பேன். ஒரு வாரம் சாவி காணோம்பேன். ஒரு வாரம் போன வாரம் குடுத்தேனேன்னு சண்ட போடுவேன். சண்டன்னா கொஞ்சம் ஜாஸ்தி நேரம் உக்காருவான் பாருங்க.

வந்தான்னா பேப்பரு படிப்பான். எனக்கு எழுத்து தெரியறதில்ல இப்பெல்லாம். ப்யூசு போயிருந்தா கட்டிக் குடுப்பான். காப்பி அவனே போட்டுக்குவான், நான் போட்டா வாயில வைக்க முடியலன்னு. மகன் பம்பாயில இருக்கான். ஒண்ணும் கொறை இல்ல, மாசாமாசம் மணியார்டர் வருது. அந்த ஃபாரத்துல கீழ ரெண்டு வரி எழுதறதுக்கு எடம் விட்டிருப்பாங்க இல்லியா? அது காலியா வருது. எழுதறதுக்கு நேரம் இருக்காது, பெரிய கம்பெனி.

போன மாசம் ஒரு தப்பு நடந்துபோச்சு. தலகாணிக்கு அடியில சில்லற நெறைய கெடந்தது. ஏதோ ஞாபகத்துல மொத்தத்தையும் அள்ளி வேணு கையில குடுத்துட்டேன். எண்ணிப் பாத்தான். பாக்கி முழுசும் சரியாப்போச்சு. அடுத்த ஞாயித்துக்கெழம எதுக்கு வருவான்? அவன் இன்னா பண்ணினான்? காச என் கையிலயே திருப்பி வச்சி, ரசீது புக்கு தீந்துபோச்சு பெரியவரே, அடுத்த வாரம் வந்து வாங்கிக்கறேன்னுட்டுப் போயிட்டான். புக்கு அவன் மஞ்சப்பையில செங்கல்லு கணக்கா இருந்தது. எழுத்துதான் எனக்குத் தெரியாது. செங்கல்லு தெரியும்.

நாலு வாரமா அந்தப் புக்கு இன்னும் அச்சாகி வரலியாம்.

ஒண்ணும் இல்ல, டீ ஆவிங்க, கண்ணுல படுது.

ஆதிமூலம், கேளுங்க. பையன் தங்கம். பொண்ணக் குடுங்க, கண்ண மூடிக்கினு குடுங்க. ஆனா அவன ஊரவிட்டுக் கூட்டிக்கினு போயிடாதீங்க. உங்களுக்கு இன்னும் பத்து வருஷம் ஏரு ஓட்டற தெம்பு இருக்குது, மொகத்துலயே தெரியுது. கீழ்பென்னாத்தூர் இன்னா சீமையா, பஸ் ஏறினா மல்லாட்ட ஒரு பொட்டலம் தின்னு முடிக்கறதுக்குள்ள வந்துடலாம். நடவுக்கு, அறுப்புக்கு வந்து நிப்பான். பொண்ணும் மாப்பிள்ளையும் இங்கயே இருக்கட்டும். வீடா? தேடவே வேணாம். எங்க வீட்டு மாடிப் போர்ஷன் காலியாத்தான் இருக்குது. தண்ணிக் கொழாய் தனி, வாசப்படி தனி. போன வாரம்தான் சுண்ணாம்பு அடிச்சேன். எவனோ ஒருத்தன் வருவான்னு அடிச்சேன். வாடகையா? சந்தாவுல கழிச்சிக்கச் சொல்லுங்க.

கௌம்புங்க, பாய் கடை அந்த முக்குல திரும்பினா பச்ச கதவு. போர்ஷன் விஷயத்த மட்டும் பேச்சோட பேச்சா நீங்களா கேள்விப்பட்டா மாதிரி சொல்லுங்க. மத்ததெல்லாம் சொன்னது யாருன்னு வேணுகிட்ட வாய தொறக்காதீங்க. அழுத்திக் கேட்டான்னா, டீக்கடையில கண்ணாயிரம்னு ஒருத்தரு சொன்னாருன்னு சொல்லிடுங்க.